ஏரிக்கரை மேட்டில் வராத பங்களா

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவர் தாணுலிங்கம். பல்கலைக்கழகத்தில் காலையில் தொல்லியல் பாடம் நடத்துவார், மாலையில் வளாகத்துப் பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பார். வேலை இரண்டு, சம்பளம் ஒன்று, அதுவும் தற்காலிகம்.

ஒருநாள் துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏரிக்கரை மேட்டுல எனக்கு பங்களா வருது. அங்க பழசு ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போடும். இல்லைன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

"போட்டுடலாம் ஐயா. நாலஞ்சு முதுமக்கள் தாழி இருக்கும், அவ்வளவுதான்."

"அதென்ன தாழி?"

"செத்தவங்களை உட்காரவச்சுப் புதைச்ச பானை ஐயா."

துணைவேந்தர் சிரித்தார். "நான் விஞ்ஞானி ஓய். எலும்புங்கிறது வெறும் சுண்ணாம்புச்சத்து."

"அதான் ஐயா, உங்களுக்குத்தான் அந்த இடம் சரி. பெரியவர் ஒருத்தர் உங்க கட்டிலுக்கு நேர் கீழே வருவார். அவர் பாட்டுக்கு இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. "கட்டிலைத் தள்ளிப் போட்டா?"

"அங்க அவர் சம்சாரம் இருப்பாங்க ஐயா."

மறுநாளே உத்தரவு வந்தது. மேடு பாதுகாக்கப்பட்ட இடம், யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள தாணுலிங்கத்துக்கு நிரந்தர வேலை.

அவர் ஓய்வு பெற்ற அன்று கேட்டே விட்டேன்.

"மேட்டை யாரையும் தோண்டவே விடலையே அண்ணாச்சி, உள்ளே தாழி இருக்கா, இல்லையா?"

"தோண்டினாத்தானே தம்பி தெரியும்?" என்று சிரித்தார்.