குழாயைக் கேட்டவர் யார்?

நொச்சிப்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு மூன்றே நாள். யாருக்கு ஓட்டுப் போடுவதென்று தெரியாமல் பேச்சியம்மாளுக்குத் தலை சுற்றியது.

அவள் தெருவுக்குக் குழாய் வந்தது போன வருஷம். தண்ணீர் நின்று ஐந்து மாசம். இடுப்பு வலியோடு பக்கத்து ஊரிலிருந்து குடம் சுமக்கிறாள். குழாயை முதலில் கேட்டு வாங்கியவர்தான் அதை மறுபடி ஓடவைப்பார் என்பது அவள் கணக்கு. போட்டியிடும் மூவருமோ "நான்தான்" என்கிறார்கள். போன தடவை கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கியவருக்குப் போட்டு ஏமாந்தது போதும், இந்த முறை விசாரித்துத்தான் போடுவது என்று கிளம்பிவிட்டாள்.

குழாயடிப் பலகையில் ஒரு துப்பு கிடைத்தது: 'ஆகஸ்ட் 15 அன்று வந்த கோரிக்கையின்படி அமைக்கப்பட்டது.' அந்த நாள் அவளுக்கும் நினைவிருந்தது. வழக்கம்போல ஊரோடு போய்க் கிராம சபை நோட்டில் கையெழுத்துப் போட்டு, மிட்டாயை வாங்கிக்கொண்டு, கூட்டம் தொடங்கும் முன்பே வீடு திரும்பிய நாள்.

அந்த நாளில் குழாயைக் கேட்டது யாரென்று வேட்பாளர் மூவர் வீட்டுக்கும் போய் விசாரித்தாள். இருளப்பன் ஒரு போட்டோவை நீட்டினார். கழுத்தில் மாலையோடு குழாயைத் திறக்கிறார், தண்ணீர் கொட்டுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்.

வளர்மதி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "அன்னைக்கு மத்தியானம் ஒன்றிய ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னு, கிளார்க் கையிலயே மனுவைக் குடுத்தேன் மதினி. காலெல்லாம் வீங்கிப்போச்சு." பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காசிராஜனிடம் போட்டோவும் இல்லை, காப்பியும் இல்லை. "கிராம சபையில எந்திரிச்சுக் கேட்டேன்க்கா. அப்ப நாலு பேருதான் மிச்சம் இருந்தோம்" என்றார்.

வீட்டுக்கு வந்தவள், கிளம்பியபோது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பிப்போய் உட்கார்ந்தாள்.

நீங்கள் சொல்லுங்கள்: குழாயைக் கேட்டவர் யார்? மற்ற இருவரும் மாட்டிக்கொண்டது எதில்?

விடை: காசிராஜன். இருளப்பனின் போட்டோ குழாய் வந்தபிறகு எடுத்தது. கேட்ட நாளுக்கு அது சாட்சி ஆகாது. ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். காலையில் கொடியேற்றியதும் ஒன்றிய ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். மத்தியானம் மனு வாங்கக் கிளார்க் ஏது? அன்று கூடுவது கிராம சபை மட்டும்தான். இது உறைத்ததும் பேச்சியம்மாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அன்றைய கிராம சபைத் தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். குழாய் கேட்டவர் காசிராஜன் என்று தெளிவாக எழுதியிருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து அவர் பேசியதைக் காதால் கேட்டதற்குச் சாட்சியாக, கீழே முதல் கையெழுத்து அவளுடையது.