கடலில் வந்த கள்ளச்சரக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, கடலோரமாய் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் ராஜாவுக்குத் தம் பாட்டனார் போட்ட ஒரு சட்டத்தின்மேல் உயிர். நம் துறையிலிருந்து நம் துறைக்குச் சரக்கு போனால், நம் மரத்தில் கட்டி நம் ஆள் ஓட்டும் படகில்தான் போகவேண்டும். வேறு எதில் வந்தாலும் அது கள்ளச்சரக்கு. துறைத்தலைவர் அதைத் தம் கையாலேயே பிடித்துக் கரையேற்ற வேண்டும்; முழுதும் ஏறும்வரை தண்ணீரை விட்டு வெளியே வரக்கூடாது. ஒரு காலத்தில் அயல்நாட்டுப் படகுகள் வந்து நம் படகோட்டிகளின் பிழைப்பில் மண்ணைப் போட்டதால் பிறந்த சட்டம் அது. தப்பு சொல்ல முடியாது.

ஒருநாள் வடதுறையில் புன்னையெண்ணெய் ஏற்றிவந்த கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. எண்ணெய் கடல்மேல் படர்ந்து தெற்கே நகர ஆரம்பித்தது. தென்துறையை ஒட்டி ஒரு கழிமுகம். இறால் குஞ்சுகள் வளரும் இடம் அதுதான். அமாவாசைக்குக் கடல் பொங்கினால் எண்ணெயும் அதற்குள் ஏறிவிடும்.

இறால் விற்றுப் பிழைக்கும் முத்துப்பேச்சி சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, அந்த எண்ண கழிக்குள்ள ஏறிச்சின்னா குஞ்சு பூராம் செத்துப்போவும். அப்புறம் எங்க புள்ளைங்க எதத் திங்கும்? நம்ம படகுக்கு அடி ஆழம், சேத்துல மாட்டிக்கும். பக்கத்து நாட்டுல தட்டப் படகு இருக்கு, எண்ணய வழிச்செடுக்குற பாயும் இருக்கு. அவங்கள வரச் சொல்லுங்க."

துறைத்தலைவர் சேந்தனார் எழுந்தார். நாட்டில் ஓடிய படகுகளில் பாதி அவருடையவை.

"மகாராஜா, அயலார் படகு நம் கடலில் எண்ணெயை அள்ளி நம் கரையில் இறக்கினால், அது சரக்கு ஏற்றியது ஆகாதா? கடலில் கிடந்தாலும் எண்ணெய் சரக்குதான். இன்று எண்ணெய்க்கு விலக்குக் கொடுத்தால் நாளை நெல்லுக்குக் கேட்பார்கள்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. ராஜா மீசையை நீவிக்கொண்டார்.

"சட்டம் நூலளவும் வளையக்கூடாது. அமாவாசைக்குள் கடலும் சுத்தமாக வேண்டும். யார் செய்து முடிப்பீர்கள்?"

சபையார் அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரண்மனை விகடன் காளிங்கனைக் கண்டால் சேந்தனாருக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல். "நம் காளிங்கர் இருக்கிறாரே, மகாராஜா. முடியாவிட்டால் அரண்மனைச் சோற்றை விட்டுவிடட்டும்" என்றார். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

காளிங்கன் சேந்தனாரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "கடலில் கிடந்தாலும் அது சரக்கேதானா, ஐயா?"

"சத்தியமாக."

வெளியே முத்துப்பேச்சி அவனை மறித்தாள். "நீ சிரிக்க வைக்கிறதுக்கு எங்க வயித்துப்பாடுதானா கெடச்சுது?" காளிங்கன் அவளைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான்.

எண்ணெய் தென்துறையைத் தொட்ட அன்று காலை, அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது, அவன் ராஜாவையும் சபையாரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனான்.

"மகாராஜா, கள்ளச்சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. வடதுறையில் புறப்பட்டுத் தென்துறைக்கு வந்திருக்கிறது. நம் மரமும் இல்லை, நம் ஆளும் இல்லை. அலைதான் சுமந்து வந்தது."

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் மின்னியது.

"துறைத்தலைவரே, பிடியுங்கள்" என்றார் ராஜா.

சேந்தனார் பட்டு வேட்டியோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளினார். விரலிடுக்கில் வழிந்தது. மறுபடி அள்ளினார், மறுபடி வழிந்தது. தம் படகுகளைக் கூப்பிட்டார். அவை தூரத்திலேயே சேற்றில் தட்டி நின்றன. உச்சி வெயில் ஏறியபோது அவர் மீசையிலிருந்துகூட எண்ணெய் சொட்டியது. கரையில் ராஜாவுக்குக் குடை பிடித்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மகாராஜா, இதைக் கையால் கரையேற்ற முடியாது. தட்டைப் படகு வேண்டும்."

"அது அயலாரிடம் அல்லவா இருக்கிறது? சரக்கை அவர்கள் தொடலாமா?"

சேந்தனார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அலை அடித்து வாய் நிறைய எண்ணெய் போயிற்று. துப்பிவிட்டுச் சொன்னார்: "இது சரக்கே இல்லை, மகாராஜா. வெறும் அழுக்கு."

"சரக்கென்று சத்தியம் செய்தவரே சொல்கிறார்" என்றான் காளிங்கன். "பாட்டனார் சட்டம் சரக்குக்குத்தான், மகாராஜா. அழுக்கை அள்ள யார் படகு வந்தாலும் சட்டம் நூலளவும் வளையாது."

ராஜா சிரிப்பைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, பக்கத்து நாட்டுக்கு ஆள் அனுப்பினார். தட்டைப் படகுகள் வந்தன. கழிமுகத்தின் வாயில் பாயைக் கட்டி, எண்ணெயை வழித்து எடுத்தன. அமாவாசைக்குக் கடல் பொங்கி நல்ல தண்ணீராகவே உள்ளே போயிற்று. படகுகள் ஊர் திரும்பின. சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இறால் பருவம் வந்தது. முத்துப்பேச்சி முதல் கூடையை அரண்மனையில் கொண்டுவந்து வைத்தாள். காளிங்கனைப் பார்த்து, "அன்னிக்கி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சிக்காத" என்றாள். அவனுக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

அன்று மத்தியானம் ராஜா இறால் குழம்பை முகர்ந்து பார்த்தார். "காளிங்கா, எண்ணெய் வாடை வருகிறதே."

"தாளித்த எண்ணெய், மகாராஜா. சேந்தனார் படகில் வந்தது. விசாரித்துவிட்டேன்."

ராஜா புரையேறும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த சேந்தனார் மட்டும் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு, தயிர்ச்சோறு போடச் சொன்னார்.