நண்டு நறுக்கிய ரப்பர் கயிறு

ஒரு காட்டில், கால் வைத்தால் யானையையும் இழுத்துப் போகும் ஓர் ஆறு இருந்தது. மரப்பாலை உலர்த்தி முறுக்கிய ரப்பர் கயிறு ஒன்றுதான் அதற்குப் பாலம்.

ஒரு நாள் நண்டு அதை ஏதோ வேர் என்று நினைத்து, இக்கரை ஓரமாக நறுக்கிவிட்டது. நறுக்கிவிட்டு யோசிப்பதுதான் நண்டின் வழக்கம். ஒரு முனை இக்கரை மரத்தில் தொங்கியது. மறுமுனை பக்கத்துப் பாறை இடுக்கில் சிக்கி நின்றது.

இரை தேட வந்திருந்த அணில் பதறி ஓடி வந்தது. அக்கரையில், தாழ்வான பொந்தில், கண் திறக்காத அதன் மூன்று குட்டிகள். மலையில் மழை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"உடனே இரண்டு முனையையும் சேர்த்துப் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ளும்," என்றது சித்தெறும்பு. அது அந்தக் கயிற்றிலேயே குடியிருப்பது. எதையும் உற்றுப் பார்ப்பது.

"இரு, இரு. வெட்டியது யார் என்று முதலில் தெரியட்டும்," என்றது முள்ளம்பன்றி. விசாரணை என்றால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நான் வெட்டவில்லை. வெட்டினாலும் மெதுவாகத்தான் வெட்டினேன்," என்றது நண்டு.

"அப்போது எந்தப் பக்கம் பார்த்து நடந்தாய்?"

"நான் எப்போதும் பக்கவாட்டில்தானே, ஐயா."

இப்படியே உச்சி வெயில் சாய்ந்தது. நண்டைக் காட்டைவிட்டுத் துரத்துவது என்று தீர்ப்பும் ஆயிற்று. பிறகு ஆற அமர முனைகளைச் சேர்த்தார்கள். ஒட்டவில்லை.

"எப்படி ஒட்டும்?" என்றது எறும்பு. "வெட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக் கைகள் உண்டு. ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்துக் கையைத் தேடும். ஒற்றைக் கை, நான் தும்மினால் விட்டுவிடும். கோடிக் கை கோத்தால் பாறையே தொங்கும். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். அவை காத்திருந்து அலுத்து, தம் பக்கத்துக் கைகளையே பிடித்துக்கொண்டன. இப்போது ஒரு கையும் காலி இல்லை."

"என் பிள்ளைகள்?" என்றது அணில்.

"இரண்டு முனையிலும் மெல்லிசாக ஒரு சீவல் சீவினால், பிடித்த கைகள் விடுபடும்."

மெல்லிசாகச் சீவ யாரால் முடியும்? காட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நண்டின் பின்னால் அணில் ஓடியது.

"நண்டண்ணே, திரும்பி வாங்க."

"நான்தான் குற்றவாளி ஆயிற்றே."

"அதனால்தான் கூப்பிடுகிறேன்."

நண்டு சீவியது. அணிலும் முள்ளம்பன்றியும் முனைகளை அழுத்திப் பிடித்தன. முள்ளம்பன்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது.

"பிடியுங்கள், போதும்," என்றது எறும்பு.

எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். வெட்டுக்கோடு முடி அளவு ஆயிற்று. பிறகு நிழல் போல ஆயிற்று. பிறகு காணவே இல்லை.

அணில் கால் வைத்தது. கயிறு நீண்டு, தண்ணீரைத் தொட்டு, மேலே எழும்பியது. அறவில்லை. ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி வந்தது. மூன்றாவது குட்டியை எடுத்தபோது பொந்துக்குள் தண்ணீர் நுழைந்திருந்தது.

முள்ளம்பன்றி கயிற்றை மூக்கால் தடவித் தடவித் தேடியது. "வெட்டு எங்கே?" என்று மெல்லக் கேட்டது.

நண்டும் தேடிப் பார்த்தது. "நான் வெட்டியதற்கு இப்போது சாட்சியே இல்லையே, ஐயா."

முள்ளம்பன்றி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: அறுந்ததை முதலில் சேர்த்துப் பிடி, அறுத்தது யார் என்று அப்புறம் கேள்.