கொற்றன் ஏடும் இரண்டு பிரதிகளும்

கேளுங்கள் பிள்ளைகளே. கடல் இவ்வளவு உப்புக் கரிக்காத காலம் அது. ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ஒரு பட்டினத்தில் கொற்றன் என்ற வயதான மாலுமி வாழ்ந்தார். மணல்திட்டுகளில் மோதாமல் துறைக்கு வரும் வழியை எல்லாம் ஓர் ஏட்டில் எழுதி வைத்திருந்தார்.

அதே ஊரில் அலையாத்தி என்றொரு படகுக்காரி. அவள் புருஷனைக் கொண்டுபோனது ஒரு மணல்திட்டுதான். மிச்சமிருந்த ஒரே படகையும் திட்டுக்குக் கொடுக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். நேரே கொற்றன் வாசலுக்குப் போனாள்.

"அய்யா, ஒங்க ஏட்டப் பாத்து எனக்கொண்ணு எழுதிக்கிடட்டுமா?"

"ஒம் படகுக்குன்னா தாராளமா எழுதிக்க தாயி. வெலைக்கு மட்டும் விக்காத. வேணுங்கிறவுங்க என்னையத் தேடி வரட்டும்."

எழுத்தாணி பிடித்துப் பழகாத கை. விரல் கொப்புளித்தது, எழுதினாள். கொப்புளம் உடைந்தது, எழுதினாள். கை மரத்துப்போனது, அப்போதும் எழுதினாள். அடைமழை ஓயும்போது ஏடும் முடிந்தது.

வேலங்கன் என்ற வணிகனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஏட்டைக் கொடு, புதுப் பாய் தருகிறேன் என்றான். மாட்டேன் என்றாள். புதுப் படகே தருகிறேன் என்றான். மாட்டேன் என்றாள். இனி உன் படகில் சரக்கே ஏற்றமாட்டேன் என்றான். கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டே, மாட்டேன் என்றாள். அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டில் கஞ்சிக்கே திண்டாட்டம்.

வேலங்கன் சும்மா விடுவானா? கொற்றன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஆள் வைத்து ஏட்டைப் பிரதி எடுத்தான். கொற்றன் காதுக்கு எட்டாமல் வெளியூர்ச் சந்தைகளில் கூவிக் கூவி விற்றான். "நீயும் பாத்து எழுதுன, நானும் பாத்து எழுதுனேன். இதுல நீ என்ன ஒசத்தி?" என்று அலையாத்தியைக் கேலி செய்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மழையில் ஆறு பெருகி, திட்டுகள் இடம் மாறின. ஆண்டுதோறும் மாறுபவைதான். கொற்றன் நீளக் கோலோடு போய் ஆழம் பார்த்தார். தம்மைக் கேட்டு எழுதியவர்களை எல்லாம் கூப்பிட்டனுப்பி, புது வழியைச் சொல்லி ஓர் ஓலையில் எழுதிச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வேலங்கன் திருட்டுப் பிரதி வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சில நாளில், வேலங்கன் ஏறி வந்த சரக்குக் கப்பல் முகத்துவாரத்தை நெருங்கியது.

"அந்தப் பக்கம் போவாதீங்க! திட்டு மாறிப்போச்சு!" என்று அலையாத்தி படகிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

"எங்கிட்டயும் அதே ஏடு இருக்குடீ!" என்றான் வேலங்கன்.

கப்பல் மணலில் ஏறிப் பிளந்தது. சரக்கெல்லாம் கடலோடு போனது.

அலையாத்தி ஒட்டுப்போட்ட பாயை விரித்துக்கொண்டு போனாள். ஒருவர் விடாமல் கரை சேர்த்தாள், வேலங்கனையும்தான். அவன் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டே, "அந்தப் புது ஓலைய மட்டும் காட்டு தாயி" என்று கெஞ்சினான்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? அவரு வீட்டுலதான் இருக்காரு. போய்க் கேளுங்க. கேட்டவுங்களுக்கு அவரு இல்லேன்னு சொன்னதே இல்ல."

நம் தேவைக்கு ஒரு நூலைப் பிரதி எடுப்பதானாலும் எழுதியவரைக் கேட்டு எடுக்க வேண்டும், அவர் உழைப்பை விற்று நாம் பிழைக்கக் கூடாது.