பின்சக்கரத்துக் கல்

மலைச்சாலை ஏறத் தொடங்கும் முந்தலில் மொக்கராசுவின் பட்டறை இருந்தது. ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஏறி இறங்கிக் களைத்த பழைய டீசல் வண்டிகள் எல்லாம் அங்கேதான் வந்து படுக்கும். மொக்கராசுவுக்கு நாற்பத்தொரு வயது. வண்டிக்காரர்கள் அவரை மேஸ்திரி என்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ஒரு வாரமாகும் என்றும் சொல்வார்கள்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை அவர் முன்னால் சூசைமாணிக்கம் வந்து நின்றார். வயது ஐம்பத்தாறு. உத்தமபாளையத்தில் முப்பது வருடம் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். அதைப் பூட்டி ஒன்றரை வருடமாகிறது என்பது அந்த வட்டாரத்தில் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். ஏன் பூட்டினார் என்பது தெரியாது.

“மேஸ்திரி, என்னைய உங்ககிட்ட வேலைக்குச் சேத்துக்கங்க.”

“என்னண்ணே, விளையாடுறீங்களா? நான் ஸ்பானர் பிடிக்கிறதுக்கு முன்னாடியே இன்ஜின் பிரிச்சவரு நீங்க.”

“அதெல்லாம் விட்ருங்க. முதல்லேருந்து சொல்லிக் குடுங்க.”

“எதை?”

“ஆயில் சீல் மாத்துறத.”

ஆயில் சீல் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். சுற்றுகிற தண்டைக் கவ்விக்கொண்டு எண்ணெயை வெளியே விடாமல் நிறுத்துவது அதன் வேலை. பட்டறைக்கு வந்த ஆறாம் மாதமே எவனும் கற்றுவிடுவான். மொக்கராசு சிரிக்கவில்லை. ஒரு பெரிய மெக்கானிக் பஸ் ஏறி வந்து இதைக் கேட்கிறார் என்றால், அவர் கேட்க வந்தது இது இல்லை.

“உக்காந்து சொல்லுங்கண்ணே” என்றார்.

சூசைமாணிக்கம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“ஒரு வெள்ளைப் பிக்கப்பு. பழைய மாடல். ஹேண்ட்பிரேக் டிரம்மு சக்கரத்துல இருக்காது, கியர்பாக்ஸ் வாலுல இருக்கும்.”

“தெரியும். வால் சீல் ஒழுகுனா எண்ணெய் நேரா டிரம்முக்குள்ள போயிரும். ஹேண்ட்பிரேக் வழுக்கும்.”

“அதேதான். ஒழுகுதுன்னு கொண்டு வந்தாங்க. கழட்டிப் பாத்தேன். சீல் உக்கார்ற கழுத்துல, பழைய சீலு உரசி உரசி ஒரு பள்ளம். எமரித் தாள எடுத்து அந்தப் பள்ளம் மறையிற வரைக்கும் தேச்சேன். மதியம் வரைக்கும் தேச்சேன் மேஸ்திரி. கண்ணாடி மாதிரி ஆயிருச்சு.”

“கழுத்து இளைச்சிருக்குமே.”

“இளைச்சுத்தான் போச்சு. இளைச்ச கழுத்தைச் சீல் எப்படிப் பிடிக்கும்? இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அன்னைக்குத் தெரியல. அன்னைக்கு என் வேலையைப் பாத்து எனக்கே அம்புட்டுப் பெருமை.”

மொக்கராசு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“டிரைவர் லோகுராசா கேட்டான், ‘மலையில நிறுத்துறப்ப சக்கரத்துக்குக் கட்டை வச்சுக்கிறவாண்ணே?’ன்னு. சீட்டுக்குப் பின்னாடி ஒரு வேலமரக் கட்டை வச்சிருப்பான். எம்புட்டு வருசத்துக் கட்டையோ. நான் அதை எடுத்து மூலையில வீசிட்டேன். ‘நான் சீல் போட்ட வண்டிக்குக் கட்டை எதுக்குடா? கியரும் வேணாம், கட்டையும் வேணாம். கையால ஒரு இழுப்பு போதும்’னேன்.”

அதற்குப்பின் நடந்ததைச் சொல்ல அவருக்கு நேரமாயிற்று. வார்த்தைகள் துண்டு துண்டாகத்தான் வந்தன. இருபத்திரண்டாம் நாள் அந்த வண்டி ஒரு எஸ்டேட் ஏற்றத்தில் நின்றிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். வண்டியின் நிழலில் நான்கு பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்தார்கள். வண்டி பின்னால் நகர்ந்தது. மூன்று பேர் எழுந்து ஓடிவிட்டார்கள்.

“நாலாவது மூக்கம்மா. அந்தம்மாவுக்கு முழங்கால் வலி மேஸ்திரி. எந்திரிக்க நேரமாச்சு.”

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது. 

“டிரைவர் என்ன சொன்னான்?”

“கட்டை வைக்க மறந்துட்டேன்னான். என் பேரச் சொல்லவே இல்ல. லைசென்ஸ் போச்சு. இப்பக் காய் பறிக்கப் போறான். ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். ‘எனக்கும் கண்ணு இருக்குல்லண்ணே, ஒழுகுறத நானே பாத்திருக்கணும்’னுட்டான்.”

“நீங்க சொல்ல வேண்டியதுதானே?”

“ஸ்டேஷனுக்குப் போனேன். கேஸ் முடிஞ்சிருச்சு, ரப்பர் வளையத்து மேலயெல்லாம் கேஸ் எழுத முடியாது, வீட்டுக்குப் போங்கன்னாங்க. பங்குச்சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். மன்னிச்சு விட்டுட்டாரு. மூக்கம்மா வீட்டுக்கும் போனேன். வாசல்ல நின்னா வாய் வரல. யாரோ ஜாமான் விக்க வந்தவருன்னு நினைச்சு மக உக்காரச் சொல்லிக் காப்பி குடுத்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்.”

அந்தக் காப்பியைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. ஒரு மனிதன் தண்டனை கேட்டு ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் காப்பி குடித்துவிட்டு வருவதைவிடக் கேவலமான நிலை வேறென்ன இருக்கிறது.

“இப்ப என்ன வேணும்ணே உங்களுக்கு?”

“சீலைக் கையில எடுத்தா நடுக்கம் எடுக்குது. இந்தப் பயம் எப்பப் போகும்னு சொல்லுங்க. போகாதுன்னா அதையும் சொல்லிருங்க. நான் ஒரு முடிவுக்கு வந்துர்றேன்.”

என்ன முடிவு என்று மொக்கராசு கேட்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஒரு காக்கிச் சட்டையை எடுத்து நீட்டினார்.

“மாத்திக்கிட்டு வாங்க. ஒரு கியர்பாக்ஸ் கழுவ வேண்டியிருக்கு.”

அப்படித்தான் முப்பது வருட மெக்கானிக் சாமான் கழுவ உட்கார்ந்தார். டீசல் சட்டியில் பல்சக்கரங்களை முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, துணி விரித்து வரிசையாக வைப்பார். பட்டறைக்கு வருகிற பழைய ஆட்கள் அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மாலையில் கை கழுவும்போது அவர் அதே கேள்வியைக் கேட்பார்.

“எப்ப மேஸ்திரி போகும்?”

“அந்தப் பேரிங்கை இன்னொரு தடவ கழுவுங்கண்ணே” என்பார் மொக்கராசு. அல்லது, “காலையில சீக்கிரம் வந்துருங்க” என்பார்.

வைகாசி, ஆனி, ஆடி போயின. பயம் போகவில்லை. 

ஐப்பசியில் ஒரு நீல நிற பிக்கப் வந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியது. கியர்பாக்ஸ் வாலிலும் சொட்டியது. மொக்கராசு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“கிராங்க் பின்சீலும் போச்சு, வால் சீலும் போச்சு. பாக்ஸை இறக்கிருவோம்.”

இருவரும் இறக்கினார்கள். கிராங்க் சீலை மொக்கராசு மாற்றினார். பிறகு துணியில் கை துடைத்துக்கொண்டு சொன்னார்.

“வாலை நீங்க பாருங்கண்ணே.”

சூசைமாணிக்கம் மறுத்துப் பார்த்தார். மொக்கராசு காதில் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் டிரம்மைக் கழற்றினார். உள்ளே பிரேக் லைனர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. சீல் உட்காரும் கழுத்தை உருவி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பினார்.

பள்ளம் இல்லை. கழுத்து மழமழவென்று இளைத்திருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். எமரித் தாளை அவர் எப்போதும் இடமிருந்து வலமாக இழுத்து, பிறகு குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றுவார். அது அவருடைய கை. நீலப் பெயின்ட் உரிந்த இடத்தில் பார்த்தார். கீழே வெள்ளை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மேஸ்திரி, இது அந்த வண்டி.”

“ஆமாண்ணே.”

“தெரிஞ்சேவா இதைக் கொண்டாந்தீங்க?”

“ரெண்டு மாசமாத் தேடுனேன். கை மாறிப் போயிருச்சு. ரெண்டு மெக்கானிக்கு புதுச் சீல் போட்டும் ஒழுக்கு நிக்கலையாம். கொண்டாங்கன்னேன்.”

“என்னைய ஏன் இப்படிச் சித்ரவதை பண்றீங்க?”

“ஒன்றரை வருசமா, ரெண்டு வருசமா நீங்க அந்தம்மாவையே நினைச்சுக்கிட்டு இருந்தீங்க. இந்த வண்டி தினமும் ஆள ஏத்திக்கிட்டு மலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருந்துச்சு.”

சூசைமாணிக்கம் அழுதார். இத்தனை நாள் தன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கை விட்டுவைத்த இரும்பு இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது அவர் நினைவுக்கு ஒரு நாளும் வரவில்லை. அதுவும் இப்போது சேர்ந்துகொண்டது. இருந்த பாரம் குறைய வழி தேடி வந்தவர், அன்று கூடுதலாக ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வரமாட்டார் என்றே மொக்கராசு நினைத்தார். 

மறுநாள் வந்தார்.

அந்த மாடலுக்கு இப்போது புதுக் கழுத்து கிடைப்பதில்லை. மதுரைக் காயலான் கடையில் தேடி, ஓடின வண்டியிலிருந்து மொக்கராசு முன்பே ஒன்று வாங்கி வைத்திருந்தார். சூசைமாணிக்கம் அதைக் கழுவித் துடைத்து, நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் ஓரிடத்தில் தடுக்கியது.

“இதுலயும் பள்ளம் இருக்கு மேஸ்திரி.”

“ஓடுன சாமானுல இருக்கத்தான் செய்யும்.”

அவர் கை தன்னையறியாமல் எமரித் தாள் இருந்த அலமாரிப் பக்கம் போனது. பாதியில் நின்றது. 

“என்ன செய்யப் போறீங்க?” என்றார் மொக்கராசு.

“சீலை ரெண்டு மில்லிமீட்டர் உள்ள தள்ளி உக்கார வச்சா… அதோட உதடு பள்ளத்துல படாது. தேயாத இடத்துல படும்.”

“வைங்க.”

“பள்ளம்?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அவர் சீலை வைத்தார். மேலே ஒரு மரத்துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினார். கால் மணி நேர வேலை. அவருக்கு மூன்று மணி நேரம் ஆனது. நடுக்கம் வரும்போதெல்லாம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, புது லைனர் போட்டு, பாக்ஸை ஏற்றி முடிக்க இரண்டு நாள்.

மூன்றாம் நாள் வண்டியை மலைக்கு ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். சொட்டு இல்லை. மதியம் மொக்கராசு பத்து மூட்டை மணலை அதில் ஏற்றி, பட்டறைக்கு எதிரில் இருக்கும் ஏற்றத்தில், முகம் மேலே பார்க்க நிறுத்தினார். கியரை விடுவித்தார். ஹேண்ட்பிரேக்கை ஒரு இழுப்பு இழுத்தார். இன்ஜினை அணைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வண்டிக்குப் பின்னால் போய், நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்தார்.

“வாங்கண்ணே, சாப்பிடுவோம்.”

சூசைமாணிக்கம் பின்சக்கரத்தைப் பார்த்தார்.

“எந்திரிங்க மேஸ்திரி.”

“ஏன், சீல் ஒழுகுதா?”

“ஒழுகல. காலையில பாத்தேன். இப்பவும் பாத்தேன்.”

“பிரேக் பிடிக்கலையா?”

“பிடிக்குது.”

“வேலையில எதுவும் விட்டுப்போச்சா?”

“ஒண்ணும் விடல.”

“அப்புறம் என்ன?”

“எனக்குச் சொல்லத் தெரியல. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன், எந்திரிங்க!”

மொக்கராசு எழுந்திருக்கவில்லை. மோர்சாதத்தைப் பிசைந்தார். சிறிய மாவடுவை எடுத்துக் கடித்தார்.

சூசைமாணிக்கம் சாலையோரத்துக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயது மனிதர், செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடக்க, இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைப் புரட்டித் தூக்கினார். வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, முழங்காலால் முட்டி, கல்லுக்கும் டயருக்கும் இடைவெளி இல்லாமல் நெருக்கினார். வண்டி ஓர் அங்குலமும் நகர்ந்திருக்கவில்லை. அவர் அங்கேயே மண்டியிட்டபடி மூச்சு வாங்கினார். விரல் நசுங்கி ரத்தம் கசிந்தது.

“ஏன் மேஸ்திரி” என்றார். “இம்புட்டும் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். ஒரு தப்பும் இல்ல. எனக்கே தெரியுது. இருந்தும் என் கை வேலைய என்னால நம்ப முடியலையே. ஆறு மாசமாக் கேக்குறேன். இந்தப் பயம் எப்பத்தான் போகும்?”

மொக்கராசு வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார். கல்லைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் ஒண்ணு வைங்கண்ணே” என்றார்.