விளிம்புவரை தண்ணீர்

துறைமுகத்தின் பழைய உப்புக் கிடங்குகளில் உலகக் கலைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பல நாடுகளிலிருந்து கலைஞர்கள் வந்திருந்தார்கள். மூன்றாம் கிடங்கில் குருபாதத்தின் நிகழ்த்துகலை.

குருபாதத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்த சௌதாமினி அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர். அதை இரண்டு கைகளிலும் ஏந்தி, செம்மண் தூள் பரப்பிய தரையில், கிடங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று மணி நேரம் நடக்கவேண்டும்.

முதல் நாள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வந்தவர்கள் ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு அடுத்த கிடங்குக்குப் போய்விட்டார்கள். கடைசி ஒரு மணி நேரம் அவர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை அமைப்பாளர் வந்தார். “இன்னைக்கும் ஆள் நிக்கலைன்னா, நாளைக்கு இந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் சார்.”

குருபாதம் தேநீர்க் கூடத்துக்கு ஓடினார். சௌதாமினி அங்கே இருந்தாள்.

“நான் ஒரு தப்பும் பண்ணலையே டீச்சர். ஏன் யாரும் நிக்கலை?”

“ஒரு சொட்டுகூட சிந்தலையாமே. எப்படி சார்?”

குருபாதம் வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

“கிண்ணத்து வாயில மெல்லிசா பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டியிருந்தேன். வெளியில தெரியாது. லேப்ல எதையும் மூடாமத் தூக்கிப் பழக்கமில்லை. கை நடுங்கிட்டா? அத்தனை பேருக்கு முன்னாடி...”

சௌதாமினி மேசையிலிருந்த தேநீர் ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கி அவரிடம் கொடுத்தாள்.

“வாசல்ல வாட்ச்மேன் இருக்கார். கொடுத்துட்டு வாங்க.”

கூடத்தில் நல்ல கூட்டம். குருபாதம் இடித்தும் இடிபட்டும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் அவள் ஒரு டம்ளரில் விளிம்புவரை தேநீர் ஊற்றி வைத்திருந்தாள்.

“இதையும்.”

“அவருக்குத்தான் ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தாச்சே டீச்சர்!”

“நல்லா குடிப்பார். கொண்டுபோங்க.”

குருபாதம் டம்ளரைத் தூக்கினார். கை நடுங்கியது. ஓர் அடி வைத்தார்.

“பாத்து, பாத்து!” என்றார் ஒருவர். ஒரு வெளிநாட்டுப் பெண் கீழே கிடந்த தன் பையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஓர் அப்பா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “எந்த மகராசன் இப்படித் தளும்பத் தளும்ப ஊத்தினான்?” என்று யாரோ சிரித்தார்கள். பிறகு பேச்சு நின்றது. வாசல்வரை வழி விட்டது கூட்டம். வாட்ச்மேன் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். டம்ளர் அவர் கைக்குப் போனதும் கூடமே மூச்சு விட்டது.

குருபாதம் திரும்பி வந்தார். “ரெண்டு சொட்டு சிந்திடுச்சு டீச்சர்.”

“எத்தனை பேர் பாத்தாங்க?”

“எல்லாரும்.”

மணி அடித்தது. நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் மூன்றாம் கிடங்குக்குப் போனார்கள். கிண்ணம் காத்திருந்தது. குருபாதம் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பாதி உரித்துவிட்டு நிறுத்தினார்.

“கை ரொம்ப நடுங்குமே டீச்சர்.”

“நடுங்கட்டும் சார். வர்றவங்களுக்கும் கொஞ்சம் வேலை வேணாமா?”