நெய் பிஸ்கட்டுக்கு ஒரு சத்தியம்

கதை சொல்லப் போகிறவன் நான். பதில் சொல்லப் போகிறவர் நீங்கள். ஆகவே பாதியில் எழுந்து போகக் கூடாது. சின்ன விஷயங்களையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள், விடை அவற்றில்தான் இருக்கிறது.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தெருவில் செலஸ்டினா என்று ஒருத்தி இருந்தாள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்தத் தெருப் பெண்கள் வீட்டிலேயே மாவு பிசைந்து, உருட்டி, தகரத் தட்டில் அடுக்கி, பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள். எல்லார் தட்டும் ஒரே நெருப்பில்தான் வேகும். ஆனாலும் செலஸ்டினாவின் நெய் பிஸ்கட் மட்டும் வாயில் போட்டதும் கரையும். கரைந்த பிறகும் மணம் போகாது. அடுப்புக்காரரே ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவாராம்.

முறுக்கு முதல் முந்திரிக்கொத்து வரை எல்லாப் பக்குவமும் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கைமாறும். இதை மட்டும் செலஸ்டினா யாருக்கும் சொல்லவில்லை. கஞ்சப் பிசினாறி என்று தெருவே முணுமுணுத்தது. உண்மையில் அந்தப் பக்குவம் அவள் நாத்தனார் பெர்பெத்துவாவினுடையது. நாலு தெரு தள்ளிக் குடியிருந்த பெர்பெத்துவா அந்தப் பிஸ்கட்டை வெளியூர்க் கல்யாணங்களுக்குச் செய்து அனுப்பித்தான் பிழைத்தாள். தம்பி மனைவி ஆசைப்பட்டாளே என்று சொல்லிக்கொடுத்தபோது, "வாயால் சொல்ல மாட்டேன், எழுதியும் கொடுக்க மாட்டேன்" என்று மாதா சுரூபத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்கார வைத்தார்கள் என்று சண்டை வந்து, இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். சத்தியம் மட்டும் அப்படியே நின்றது.

செலஸ்டினாவுக்கு அடுத்த வீடு மைமூனுடையது. அவள் கணவன் மீராசா சரக்குத் தோணியை மாலத்தீவுக்கு ஓட்டிப் போகிற தண்டல். பயணந்தோறும் செலஸ்டினா கொடுத்த ஒரு டப்பா பிஸ்கட் அவனோடு கடலேறும். ஒரு பயணத்தில் தோணி கவிழ்ந்தது. ஆறு பேரில் அவன் ஒருவன்தான் கரை சேர்ந்தான், பேச்சு சேரவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். நான்கு மாதம் ஒரு சொல்கூட இல்லை. கஞ்சி ஊட்டினால் பாதி வெளியே வழியும்.

கிறிஸ்துமஸ் அன்று செலஸ்டினா தட்டோடு வந்தாள். மைமூன் ஒரு பிஸ்கட்டை நுணுக்கி அவன் வாயில் வைத்தாள். வாய் அசைந்தது, நின்றது. பிறகு அந்தக் குரல் கேட்டது.

"இன்னொண்ணு."

மைமூன் தட்டையே இழுத்து அவன் மடியில் வைத்தாள். இதைச் சொல்லும்போது எனக்கே சிலிர்க்கிறது.

மறுநாள் மைமூன் வந்து நின்றாள். "எக்கா, அந்தப் பக்குவத்தச் சொல்லுங்க. அவுக பேசணும்."

"சொல்ல முடியாதுளா. ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா ஒன் அடுக்களையில வந்து பிசைஞ்சு தாரேன். நீ பாத்தா, ஒன் கண்ண நான் பொத்தவா முடியும்?" என்றாள் செலஸ்டினா. அந்த ஒருத்தர் யார் என்று அவள் சொல்லவில்லை.

செவ்வாய்தோறும் வந்து பிசைந்தாள். மைமூனோ மணத்தில்கூட எதுவும் பிடிபடக் கூடாதென்று முந்தானையால் மூக்கையும் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஏட்டி, திரும்பு."

"வேண்டாம்க்கா. ஒங்க சத்தியம் கெட வேண்டாம்."

கழுத்தை லேசாகத் திருப்பினால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் திருப்பவில்லை. மீராசாவுக்கு வாரத்துக்கு ஒரு சொல்லாகப் பேச்சு வந்தது. தண்ணி. வெயில். தோணி.

ஒன்பதாம் வாரம் செலஸ்டினா டைபாய்டில் படுத்தாள். மைமூன் வீட்டில் டப்பா காலியானது. மீராசா மறுபடி வாயை மூடிக்கொண்டான். செலஸ்டினா மைமூனைக் கூப்பிட்டு அனுப்பினாள். "பெர்பெத்துவா மதினிக்குப் பண்ணின சத்தியம். கெட்டா கெடட்டும், பாவம் என்னோட போட்டும். கேட்டுக்கோ…"

மைமூன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். நேரே பெர்பெத்துவா வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அக்கா, எனக்குப் பக்குவம் வேண்டாம். ஒரே ஒரு தட்டு நீங்க பிசைஞ்சு தாங்க."

மாவு அளந்துகொண்டிருந்த பெர்பெத்துவாவின் கை நின்றது. "எட்டு வாரமா ஒன் கண்ணு முன்னால பிசைஞ்சிருக்கா. ஒரு தடவகூடப் பாக்கலியா?"

"இல்லக்கா."

பெர்பெத்துவா மாவை மூடி வைத்துவிட்டு, கூடவே மைமூனின் அடுக்களைக்குப் புறப்பட்டு வந்தாள். மைமூனைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கச் சொன்னாள். "நெய்ய உள்ளங்கையால வெள்ளையாகுற வரைக்கும் தேய்க்கணும். அப்புறந்தான் சீனிப்பொடி. மாவுல பாதி வறுத்தது, பாதி வறுக்காதது. தேங்காப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கையில அடியில கசண்டு தங்கும்லா, அதுல ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். கை போடு."

மைமூன்தான் பிசைந்தாள். தட்டு அடுப்புக்குப் போய்ச் சிவந்து வந்தது. மீராசா ஒன்று தின்றான், இன்னொன்று தின்றான். பிறகு அன்றைக்குத்தான் கரை ஏறியவன் போல மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"மைமூன், நீ தின்னியா?"

இப்போது சொல்லுங்கள். செலஸ்டினா, மைமூன், பெர்பெத்துவா ஆகிய இந்த மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: பெர்பெத்துவா என்று சொல்ல வாயெடுப்பீர்கள். பிழைப்பையே தூக்கிக் கொடுத்தவள், கும்பிடலாம். ஆனால் எட்டு வாரம் பார்க்காமல் நின்றவள் இதை வெளியே விடமாட்டாள் என்று தெரிந்துகொண்டுதான் கொடுத்தாள். செலஸ்டினா உழைத்தாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாலு தெரு நடந்துபோய், "மதினி, சொல்லிக்கொடுக்கட்டுமா?" என்று கேட்க அவளுக்கு ரோஷம் விடவில்லை. சத்தியத்தைக் காக்கும் பாரத்தை மைமூனின் கண் மேல் போட்டாள். காய்ச்சல் வந்ததும் அதை உடைக்கவும் துணிந்தாள். மைமூன் ஒருத்திதான், பக்குவம் யாருடையது என்று தெரிந்த அந்த நிமிடமே, உடையவளிடம் நேரே போய்க் கேட்டாள். ஆகவே மைமூன் செய்ததே பெரிது. முதுகுக்குப் பின்னால் கணவனின் பேச்சு ஒரு பாத்திரத்தில் பிசைபட்டுக்கொண்டிருக்க, எட்டு வாரம் சுவரைப் பார்த்து நின்றாளே, அவளை நினைத்தால் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.